மண்புழு, மாவு, சோளம் எல்லாம் போட்டாயிற்று, பொடி ஜிலேபி தவிர ஒன்றும் கொத்தவில்லை

புதுத்தூண்டில்:

எல்லோருக்கும் வணக்கம். தூண்டில் போட ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகிறது, அதில் கடைசி ஐந்து வாரமும் ஒரே ஏரியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு ஏரிக்குப் போ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இந்த ஏரியில் பெரிய மீன் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஏரி நடுத்தர அளவு. ஒரு பக்கம் கல் பதித்த கரை, அங்கே நல்ல ஆழம். எதிர்ப்பக்கம் வாய்க்கால் வந்து சேரும் இடம், கோரையும் தாமரையும் மண்டிக் கிடக்கிறது, தண்ணீர் முழங்கால் அளவுதான். மழை இல்லை, கடும் வெயில். தண்ணீர் பச்சையாக இருக்கிறது, முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது. நான் போவது காலை 9 மணிக்கு, மதியம் வரை இருப்பேன், கல் கரையில் உட்கார வசதி என்பதால் எப்போதும் அங்கேதான். 7 அடிக் கம்பு, ரீல், 0.35 மி.மீ. நைலான் நரம்பு, 4ஆம் எண் முள் (எண் கூடினால் முள் சிறிது), முள்ளிலிருந்து 3 அடிக்கு மேலே மிதவைத் தக்கை.

மண்புழு போட்டால் இரண்டே நிமிடத்தில் முள் காலி. கோதுமை மாவு உருண்டை கரைந்துபோகிறது. வேகவைத்த மக்காச்சோளம் போட்டது போட்டபடியே திரும்பி வருகிறது. இதுவரை கிடைத்ததெல்லாம் விரல் நீள ஜிலேபி மீன் (திலாப்பியா), எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டேன்.

ஒரு நாள் விடியும் முன்பே போனேன். ஏரி முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, பெரிய பெரிய தலைகள். பசியில் இருக்கின்றன என்று நினைத்துக் கையில் இருந்த இரை எல்லாவற்றையும் அவற்றின் முகத்துக்கு நேராகவே போட்டேன், ஒன்றுகூடத் தொடவில்லை. சாயங்காலத்தில் அந்தப் பக்கம் போனால் தாமரைக்குள் ‘பளக்’ என்று ஏதோ அடிக்கிற சத்தமும் கேட்கும்.

எந்த மீனுக்கு எந்த இரை போட வேண்டும்? வெயில், காற்று, காற்றழுத்தம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது உண்மையிலேயே பார்க்க வேண்டிய விஷயமா?


கரையோரம்:

நண்பரே, விடியலில் நீங்கள் பார்த்தது பசி இல்லை, மூச்சுத் திணறல்.

தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்றால் அதில் பாசி நுண்ணுயிர் நிறைய இருக்கிறது. பகலில் அது வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும், இரவு முழுக்க அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான். அதோடு வெயில் காலத் தண்ணீரால் ஆக்சிஜனை அதிகம் பிடித்து வைத்திருக்கவும் முடியாது, 20 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். காற்றும் இல்லாத இரவாக இருந்தால் மீன்கள் மேல்மட்டத்து மெல்லிய படலத்துத் தண்ணீரை வாயால் இழுத்துச் செவுளில் ஓடவிட்டு உயிர் பிழைக்கும். அந்த நிலையில் தங்கத்தை முள்ளில் கோத்துப் போட்டாலும் வாய் வைக்காது. ‘அதிகாலைதான் தூண்டிலுக்கு நல்ல நேரம்’ என்று எல்லோரும் சொல்வது தெளிந்த தண்ணீருக்குச் சரி, உங்கள் ஏரிக்கு இப்போது பொருந்தாது. சூரியன் ஏறி ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சுற்று, வெயில் சாய்ந்த பின் ஒரு சுற்று, இந்த இரண்டில்தான் நான் நம்பிக்கை வைப்பேன். மீன் இப்படி வாய் பிளக்கும் காலையில் கம்பை எடுக்காமல் திரும்பிவிடுவது நல்லது, பிடித்துத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கடினம்.

இப்போது இரை. நீங்கள் ஐந்து வாரமாக இரையை மாற்றியிருக்கிறீர்கள், ஆழத்தை ஒருமுறைகூட மாற்றவில்லை. கல் கரையில் ஆழம் எவ்வளவு? தெரியாது இல்லையா? முள்ளில் ஒரு கனமான ஈயக்குண்டை மாட்டி வீசிப் பாருங்கள். தக்கை மூழ்கிப்போனால் ஆழம் நீங்கள் வைத்ததைவிட அதிகம், தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை தண்ணீர் மேல் படுத்துக்கொண்டால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். தக்கை நிமிர்ந்து தலை மட்டும் தெரிகிற இடம்தான் தரை. அங்கே 10 அடியோ 12 அடியோ இருக்குமானால், உங்கள் சோளம் ஐந்து வாரமும் நடுத்தண்ணீரில் யாரும் தேடாத இடத்தில் தொங்கியிருக்கிறது. ஈயம் மேலே வரும்போது அதில் ஒட்டிய சேற்றையும் பாருங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்தத் தரையில் ஆக்சிஜன் இல்லை, அங்கே எந்த இரையும் வேலைக்கு ஆகாது. பழுப்பு மண்ணோ சரளையோ ஒட்டினால் உட்காருங்கள்.

எந்த மீன் எந்த ஆழம் என்பதை அதன் வாயே சொல்லிவிடும். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கி இருக்கும், மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன் அது. சோளத்தையோ புழுவையோ தேடி அது வராது. மெல்லக் கரைந்து புகை மாதிரி பரவுகிற இரைதான் அதற்கு, நைசாக இடித்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து பிசைந்த உருண்டை, அதைச் சுற்றிச் சிறு முட்கள், தரைக்கு மேலே நன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். அந்தப் புகையை உறிஞ்சும்போது முள்ளும் உள்ளே போகும். உங்கள் மாவு கரைந்துபோகிறது என்று வருத்தப்பட்டீர்களே, கட்லாவுக்கு அது குறையே இல்லை. ரோகு நடுத்தண்ணீரிலும் அடியிலுமாக மேயும், உதடு ஓரம் சுருக்கம் வைத்த மாதிரி இருக்கும், நெருடி நெருடித்தான் எடுக்கும், அதனால் தக்கை சட்டென்று அமுங்காது, சாயும், அல்லது அரை அங்குலம் மேலே எழும். அப்போதே கம்பைச் சுண்ட வேண்டும். மென்மையான மாவு, 8ஆம் எண் முள் போதும். மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும் வாய் கீழ்நோக்கி, சேற்றைக் கிளறித் தின்பவை. சோளமும் மண்புழுவும் தரையில் கிடந்தால்தான் கண்டுகொள்ளும். புல்கெண்டை பெயருக்கு ஏற்ற மாதிரி இலை, இளம்புல், மிதக்கும் ரொட்டித் துண்டு எடுக்கும், ஆனால் கரையில் நிழல் அசைந்தாலே ஓடிவிடும்.

பொடி ஜிலேபித் தொல்லைக்கு ஒரே வழி, அதன் வாயில் நுழையாத இரை. ஊறவைத்து வேகவைத்த முழுச் சோள மணி மூன்றைக் கோத்துப் போடுங்கள். வேகவைப்பதும் அளவாக இருக்கட்டும், நகம் அழுந்த வேண்டும், நசுங்கக் கூடாது. புழு போட்டால் அந்த ஏரியில் வருவதெல்லாம் பொடிதான். ஜிலேபிதான் வேண்டும் என்றால் அது வேறு கதை, 10 அல்லது 12ஆம் எண் முள், அரைப் புழு, ஆழம் குறைந்த இடம். தரையில் வட்ட வட்டமாகப் பள்ளம் தெரிந்தால் அது ஆண் ஜிலேபி தோண்டியது, பக்கத்திலேயே பெரியது இருக்கும்.

உட்கார வசதியைப் பார்த்து இடம் பிடிப்பதையும் விடுங்கள். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ, அலை எந்தக் கரையில் மோதுகிறதோ, அங்கே போய் உட்காருங்கள். மேல்தண்ணீரும் அதில் மிதக்கும் நுண்ணுயிரும் அங்கேதான் தள்ளப்படும், அலை அடிப்பதால் ஆக்சிஜனும் கூடும், தண்ணீர் கலங்கியிருப்பதால் மீனுக்குப் பயமும் குறையும். முகத்தில் காற்று அடிக்க வீசுவது சிரமம்தான், சிரமப்படலாம்.


விரால்நேசி:

தாமரைக்குள் ‘பளக்’ என்று அடிப்பது விராலாகத்தான் இருக்கும், அதுவும் நல்ல உருப்படி. விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன், அதனால் மேலே சொன்ன ஆக்சிஜன் பிரச்சினை எதுவும் அதற்குக் கிடையாது. மற்ற மீன்கள் திணறும் வெயிலிலும் முழங்கால் தண்ணீரில் இலைக்கு அடியில் அசையாமல் படுத்திருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வரும், அப்போது சின்னக் குமிழி தெரியும். அரை மணி நேரம் கம்பைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள், எத்தனை விரால், எங்கே என்று கணக்கே எடுத்துவிடலாம்.

இதற்கு மாவும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். ரப்பர் தவளை ஒன்று போதும், முள் மேல்நோக்கி உடம்போடு ஒட்டி இருக்கும் வகை, இலையில் சிக்காது. தவளையை நேரடியாகக் குமிழி மேல் போடாதீர்கள், இரண்டு மூன்று அடி தள்ளி இலை மேல் போட்டு, மெதுவாகத் தண்ணீருக்குள் நழுவ விட்டு, தத்தித் தத்தி வருகிற மாதிரி கம்பு நுனியை ஆட்டுங்கள். இலை இடைவெளியில் வந்ததும் ஒரு கணம் நிறுத்துங்கள். அடி பெரும்பாலும் அங்கேதான் விழும். அடித்த சத்தத்துக்குப் பதறிச் சுண்டினால் தவளை உங்கள் முகத்துக்கே பறந்து வரும். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பில் பாரம் தெரிந்த பிறகு பலமாகச் சுண்டி, தலையை உடனே மேலே கொண்டுவந்துவிட வேண்டும். நைலான் நரம்பு இழுபடும், தாமரைத் தண்டில் சுற்றிக்கொண்டால் மீன் போய்விடும், அதனால் இதற்கு மட்டும் பின்னல் நூல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் மேல் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் குஞ்சு சேர்ந்து கொதிக்கிற மாதிரி தெரிந்தால் அந்தப் பக்கம் தூண்டில் போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், எதைப் போட்டாலும் குஞ்சைக் காப்பாற்றப் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது மிகவும் சுலபம். பெற்றவை போய்விட்டால் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தைச் சாப்பிட்டு முடித்துவிடும். நான் ஆரம்ப நாட்களில் தெரியாமல் ஒரு முறை பிடித்திருக்கிறேன், மறுநாள் போனபோது அந்த இடத்தில் குஞ்சு ஒன்றுமே இல்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.


மேகமூட்டம்:

எல்லாம் சரி, காற்றழுத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அழுத்தம் இறங்கும்போது மீன் நன்றாகக் கடிக்கும், ஏறி நின்றுவிட்டால் கடிக்காது. போன் செயலியில் அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டை விட்டுக் கிளம்புவேன், பலமுறை பலித்திருக்கிறது.


கரையோரம்:

பலித்திருக்கும், மறுக்கவில்லை, ஆனால் காரணம் அழுத்தமாக இருக்க வாய்ப்புக் குறைவு. 10 மீட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு முழு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம், அதாவது சுமார் 1,000 மில்லிபார். மழை மேகம் வரும்போது அழுத்தம் இறங்குவது 10 அல்லது 20 மில்லிபார். அது மீனுக்கு 10 முதல் 20 செ.மீ. ஆழ வித்தியாசம்தான், ஒரு ஜாண்கூட இல்லை. சாப்பிடக் கீழே போய் மேலே வரும் மீன் ஒரு மணி நேரத்தில் அதைவிடப் பல மடங்கு மாற்றத்தைச் சந்திக்கிறது. அழுத்தம் இறங்கும் நாளில் கூடவே மேகம் வருகிறது, வெளிச்சம் குறைகிறது, காற்று எழுகிறது, தண்ணீர் கலங்குகிறது. அவைதான் மீனைக் கரைக்குக் கொண்டு வருகின்றன என்பது என் எண்ணம். செயலியைப் பாருங்கள், அதோடு வானத்தையும் பாருங்கள்.

புதுத்தூண்டிலுக்கு இன்னொன்று. மழை வந்து வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் முதல் இரண்டு நாள் வேறு எங்கும் போகாதீர்கள். புழு, பூச்சி, ஆக்சிஜன் எல்லாம் அந்த வாய் வழியாகத்தான் வரும். அப்போது சோளத்தை வைத்துவிட்டு மண்புழுவுக்கு மாறுங்கள், செம்மண் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சேருகிற கோட்டில் போடுங்கள். குளிர் காலத்தில் நேர் எதிர், மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான், குளிர்ந்தால் செரிமானமும் குறையும், அதனால் இரையைப் பாதியாக்கி, முள்ளையும் சிறிதாக்கி, வெயில் நன்றாக ஏறிய மதியத்தில் போக வேண்டும்.


ராத்தூண்டில்:

யாரும் கெளுத்தியைத் தொடவில்லை, அதனால் வந்தேன். பச்சைத் தண்ணீரில், வெயில் காலத்தில், எனக்குப் பிடித்த நேரம் இருட்டிய முதல் மூன்று மணி நேரம். கெளுத்தி வகைக்குக் கண் பெரிய துணை இல்லை, மீசையிலும் உடம்பிலும் சுவை மொட்டுகள் இருக்கின்றன, மோப்பம் பிடித்துத்தான் இரைக்கு வரும். அதனால் வாசம் தண்ணீரில் இறங்குகிற இரையாகப் போடுங்கள்: கோழி ஈரல், இறால், அல்லது நான்கைந்து மண்புழுவைக் கொத்தாகக் கோத்தது. ஈரல் வீசும்போது கழன்று விழும், மெல்லிய தையல் நூலால் முள்ளோடு சுற்றிக் கட்டிவிட்டால் நிற்கும். தக்கை இல்லாமல், நரம்பு ஓடுகிற மாதிரி துளை ஈயம் போட்டு, தரையில் கிடத்துங்கள். வாளை இருக்கிற ஏரி என்றால் சின்ன மீனே இரை, ஆனால் அந்த மீனை அதே ஏரியில் பிடித்ததாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஏரியிலிருந்து உயிரோடு கொண்டுவந்து போட்டால் அந்த ஏரியின் நோயும் புது மீன் இனமும் சேர்ந்து வந்துவிடும்.

கெண்டைக்கும் கெளுத்திக்கும் காது கூர்மை. காற்றுப்பையிலிருந்து உள்காதுக்குச் சிறு எலும்புகள் வழியாக அதிர்வு போகிற அமைப்பு அவற்றுக்கு உண்டு. கல் கரையில் செருப்போடு தட்தட் என்று நடந்து, வாளியைப் ‘டொம்’ என்று வைத்தால் அருகில் இருக்கும் மீன் உங்களுக்கு முன்பே கிளம்பிவிடும்.

தேளி மீன் மாட்டினால் கையால் தொடவே தொடாதீர்கள். மார்புத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் வலி தோள் வரை ஏறும். குத்திவிட்டால் கை பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள், வலி தணியும், பிறகு மருத்துவரிடம் போய்விடுங்கள். முள்ளைக் கழற்ற நீள மூக்குக் குறடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தனியாகப் போகவும் வேண்டாம், தலையில் மாட்டும் விளக்கு இல்லாமல் புல்லில் கால் வைக்கவும் வேண்டாம்.


புதுத்தூண்டில்:

எல்லோருக்கும் நன்றி. எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு நேற்றுப் போனேன். முதலில் ஈயம் கட்டி ஆழம் பார்த்தேன், நான் உட்காரும் இடத்தில் 11 அடி, சேறு கறுப்பு, நாற்றம் தாங்க முடியவில்லை. ஐந்து வாரம் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்! காற்று வாய்க்கால் பக்கத்துக்கும் கல் கரைக்கும் நடுவில் உள்ள மண் மேட்டை நோக்கி அடித்தது, அங்கே 5 அடி ஆழம், பழுப்பு மண். இரண்டு கைப்பிடி சோளத்தைத் தூவிவிட்டு, மூன்று மணி கோத்து, முள் தரையில் படுகிற மாதிரி தக்கையை வைத்தேன்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தக்கையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழியாக வந்தது, பத்தரை மணி வாக்கில் தக்கை மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்து உள்ளே போய்விட்டது. சாதாக் கெண்டை, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். கை நடுங்கியது நிற்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு வந்தது இதைவிடப் பெரியது, மூன்று நொடிதான், ஒரே இழுப்பு, நரம்பு அறுந்துவிட்டது. முள்ளுக்குப் பக்கத்திலேயே அறுந்திருக்கிறது, நுனி சுருண்டு கிடந்தது. 0.35 நரம்பு போதவில்லையா?


கரையோரம்:

அருமை, படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. அந்தக் குமிழிதான் கெண்டை சேற்றைக் கிளறியதற்கு அடையாளம், இனிமேல் அதைப் பார்த்தால் கம்பை விட்டு எழுந்துவிடாதீர்கள்.

நரம்பு தாராளமாகப் போதும். முள்ளுக்குப் பக்கத்தில் அறுந்து நுனி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது அல்லது முடிச்சுப் போடும்போதே சூடேறிப் பலம் போயிருக்கிறது. இறுக்கும் முன் முடிச்சை எச்சில் தொட்டு நனையுங்கள், மெதுவாக ஒரே சீராக இழுங்கள், வெட்டும்போது முடிச்சுக்கு வெளியே நீட்டும் வாலை 3 மி.மீ. விடுங்கள். ரீலின் டிராக்கையும் (ரீல் நரம்பை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதை மாற்றும் திருகு) திருகித் திருகி இறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். கம்பை ஒரு தூணில் கட்டி, தராசுக் கொக்கியால் இழுத்து வீட்டிலேயே சரிபார்க்கலாம். பெரியது ஓடும்போது ஓட விடுங்கள், நின்றதும் நீங்கள் சுற்றுங்கள்.


விரால்நேசி:

வாழ்த்துகள்! அடுத்த முறை போகும் முன் நரம்பின் கடைசி ஒரு மீட்டரை விரலிடுக்கில் விட்டு உருவிப் பாருங்கள், சொரசொரவென்று இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போடுங்கள். கல் கரையில் ஐந்து வாரம் உரசிய நரம்பு அது. வெட்டிய துண்டைக் கரையில் போடாமல் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொண்டால் அதைக் கழற்றிக்கொள்ள அதற்கு வழியே இல்லை.